கடைசி வரியின் இரக்கம்

முதலில் சத்தம்தான். விளக்கைப் போடுவதற்கு முன்பே, பரிசோதனை அறையின் இருட்டுக்குள் சரக், சரக்கென்று கேட்டது. கண் பரிசோதிக்கும் தனக்கொடி வாசலிலேயே நின்றுகொண்டாள். அட்டையில் இருக்கும் எழுத்துகள் தினமும் காலையில் இடம் மாறும். டிரைவர்கள் கடைசி வரியை மனப்பாடம் செய்து, டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவதால் வந்த ஏற்பாடு.

சத்தம் அடங்கியதும் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அவசரத்தில் மெய்யெழுத்துகள் உதிர்த்த புள்ளிகள் மிளகுபோலத் தரையில் கிடந்தன. துடைப்பத்தை எடுத்துப் பாதி கூட்டியிருப்பாள், மாரப்பன் வந்துவிட்டார்.

மாரப்பன் பஸ் டிரைவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். இன்று சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு டெப்போவில் பஸ் கழுவ வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரியை மூச்சுவிடாமல் சொன்னார். "ப, த, ன், க, ள்."

அது நேற்றைய வரி.

"நேத்து வந்தவரு சொல்லிக் குடுத்தாருங்களாண்ணா?" என்றபடி தனக்கொடி அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவர் சொன்ன வரிசைக்கு வந்து நின்றிருந்தன. ள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"உங்களுக்காக அதுக நகர்ந்தா, நான் என்னத்தைன்னு எழுதறதுங்க?"

"நான் என்ன பண்ணட்டும் அம்மணி? எல்லாமே எம்மேல இரக்கமாத்தான் இருக்குதுக. ரோட்டுல லைட்டுக் கம்பம்கூட நான் வர்றதைப் பார்த்தா ஒதுங்கிக்கும். முப்பது வருஷத்துல வண்டியில ஒரு கீறல் இல்லை."

"எருமையும் ஒதுங்குமுங்களா?"

"எருமை ஒதுங்காது. அதுக்கு ஹார்ன்தான்."

தனக்கொடி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பார்வை இல்லாதவரைப் பற்றி இருந்தது. வழிவிடப்படுபவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"கம்பம் ஒதுங்கறதை நான் பார்த்ததில்லீங்களே. பார்க்காம கையெழுத்துப் போட்டா, உங்க பஸ்ல ஏறற அறுபது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" கையில் எடுத்த முத்திரையைத் திரும்ப வைத்தாள். "அடுத்தவரை வரச் சொல்லுங்கண்ணா."

மாரப்பன் தொங்கிய முகத்தோடு எழுந்து, கதவுக்கு மூன்றடி வலப்பக்கம் இருந்த சுவரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். தனக்கொடி வாயைத் திறப்பதற்குள் கதவு மூன்றடி நகர்ந்து அவர் முன்னால் போய் நின்றது. அவர் திறந்துகொண்டு வெளியே போனார்.

அவள் அவருடைய சான்றிதழை எடுத்து, குறிப்புப் பகுதியில் 'பார்வை குறைவு. வழிவிடப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினாள்.

கதவு புது இடத்திலேயே நின்றுவிட்டது. அடுத்தவரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்தான் போலிருக்கிறது. கதவு முன்பு இருந்த இடத்தில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வர்றேனுங்க" என்றுவிட்டு, தனக்கொடி துடைப்பத்தை எடுத்து மீதிப் புள்ளிகளைக் கூட்டத் தொடங்கினாள்.