வாஷிங்டனில் குத்திய ஓட்டை

1936 மார்ச் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஹாலிஸ் டாக்கெட்டின் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே வானத்தில் ஒரு வட்ட ஓட்டை விழுந்து அதன் வழியாக மழை பெய்தது. மற்ற இடங்களில் வழக்கம்போல் புழுதி. ஒக்லஹோமாவின் எங்கள் பக்கத்தில் நாலு வருஷமாக மேலிருந்து வேறெதுவும் வந்ததில்லை என்பதால் மழையை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஹாலிஸ் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, முற்றத்தில் நனைந்துகொண்டே ஏணியைத் தேடினார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு நாள் முன்பு மிஸ் அட்லர் என்ற படக்காரப் பெண் ஊருக்கு வந்திருந்தாள். விவசாயிகள் படும் பாட்டைப் படமெடுத்து வாஷிங்டனிலுள்ள ஒரு அரசாங்க ஆபீசுக்கு அனுப்புவது அவள் வேலை. "அப்படியே நில்லுங்க" என்று அவள் சொன்னதும் ஹாலிஸின் மனைவி லுயெல்லா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாவு மூட்டைத் துணியில் தைத்த உடுப்போடு நாங்கள் எங்கும் போவோம், படத்துக்கு மட்டும் நிற்க மாட்டோம். மூன்று மணி நேரம் கழித்து சர்ச்சுக்குப் போகும் நீலக் கவுனும் தொப்பியுமாக வெளியே வந்தாள். ஹாலிஸின் சட்டை கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. ஆளுக்கொரு பீச் பழ ஜாடியைக் கையில் பிடித்திருந்தார்கள். வீட்டில் இருந்ததே அந்த இரண்டுதான். மிஸ் அட்லர் தலையிலடித்துக்கொண்டு படமெடுத்தாள். வாஷிங்டனில் அவளுடைய மேலதிகாரி, "இதுங்களுக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லி, பிடிக்காத படத்துக்கெல்லாம் செய்வதுபோல், ரயில் டிக்கெட் குத்தும் கருவியை எடுத்து நெகட்டிவில் ஒரு ஓட்டை குத்தினார். குத்து விழுந்தது கூரைக்கு மேலிருந்த வானத்தில்.

அடுத்த வாரம் மிஸ் அட்லர் திரும்பி வந்து, அண்ணாந்து பார்த்து, "ஐயோ, இது எங்க ஆபீஸ் ஓட்டை" என்று மேலதிகாரி குத்திய கதையைச் சொன்னாள். அதோடு ஊர் அடக்கம் இழந்தது. எல்லோரும் பெட்டியடியிலிருந்த கல்யாண உடுப்பை மாட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய அவள் காரை மறித்தார்கள். ஆனால் மேலதிகாரிக்குக் குறி பார்த்துக் குத்தும் பழக்கம் இல்லை. ஒருவருக்குக் குதிரை லாயத்துக்குள் மழை பெய்தது. பாஸ்டர் ப்ரூயிட்டைப் படம் முழுக்க அவரே நிறையும்படி கிட்டத்தில் நிறுத்தி எடுத்ததால், வயிற்றில் பொத்தான் அளவு ஓட்டை விழுந்து நீர் சொட்டியது. ஒரு பிரசங்கத்துக்கு ஒரு வாளி கிடைத்தது. அவரை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லி சபை கேட்டுக்கொண்டது அந்த வருஷம் மட்டும்தான்.

டாக்கெட் வீட்டு மழை வட்டத்துக்குள் வீடும் கோழிக்கூண்டும் கக்கூசும் அடங்கின. கிழக்கே இருந்த நாற்பது ஏக்கர் கோதுமை அடங்கவில்லை. அது காய்ந்துவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு கலிபோர்னியாவுக்கு ஆரஞ்சு பறிக்கப் போவதாக ஹாலிஸ் முடிவு செய்து, லாரியில் மெத்தையைக்கூடக் கட்டிவிட்டார். லுயெல்லா அதைப் பார்க்காமல் இருக்க லாரியை விட்டு விலகிச் சுற்றுவழியில் நடந்தாள். அவளுக்கு அந்த மண்ணைத் தவிர வேறு எந்த இடமும் வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில் மிஸ் அட்லர் அழுத கண்ணோடு வந்தாள்.

"அடுத்த கட்டுப் படமும் இப்படி இருந்தா எனக்கு வேலை போயிடும்."

"அந்தாளு என்னதான் கேக்கறாரு?" என்றாள் லுயெல்லா.

"உங்க கஷ்டத்தைக் கேக்கறார்."

"கடிதாசியில எழுதித் தரோமே. மூஞ்சியில வேற ஒட்டிக்கணுமா?" பிறகு மனம் இளகி, "சரி பொண்ணே, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மூட்டைத் துணியில ஒரே ஒரு தடவை நிக்கறேன். பதிலுக்கு நல்ல கவுன்ல, கோதுமைக்கு மேல வானம் நிறைய வர்ற மாதிரி ஒண்ணு எடு. குத்தறவருக்கு இடம் தாராளமா இருக்கட்டும்."

முதலில் நீலக் கவுன். வானம் போதுமா என்ற கவலையில் லுயெல்லா சிரிக்க மறந்து அண்ணாந்தபடியே நின்றாள். அடுத்தது மூட்டைத் துணி. வெறுங்கால் தெரிவதற்காக மிஸ் அட்லர் தூரத்தில் போய் நின்றாள். எத்தனை வெளுத்தும் போகாத மாவு மில்காரன் எழுத்து லுயெல்லாவின் வயிற்றுப் பக்கத்துத் துணியில் இருந்தது. அதை ஹாலிஸ் உரக்கப் படித்தார்.

"நிகர எடை நாப்பத்தெட்டு பவுண்டு! பொய் சொல்ல அந்த மூட்டைக்கு வாய் கூசலையா?"

லுயெல்லா வெடித்துச் சிரித்தாள். கேமரா அந்த நொடியில்தான் கிளிக் என்றது.

வாஷிங்டனில் நீலக் கவுன் தேறிவிட்டது. தொப்பிக்கடியில் ஒரு நாட்டின் துயரமே தெரிவதாகப் பத்திரிகைகள் எழுதின. மிஸ் அட்லருக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. கோதுமைக்கு மேல் வானம் ஓட்டையில்லாமல் கிடந்தது. மூட்டைத் துணிப் படத்தில் சிரிப்பைக் கண்டதும் மேலதிகாரி மறுபடி பார்க்காமல் நடுவில் குத்தினார்.

மே பதினோராம் தேதி லுயெல்லா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவள் நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்தது. வலி இல்லை. மழை மட்டும் கொட்டியது. மாவு வீணாகிவிட்டதே என்று அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஹாலிஸ் கத்தினார்.

"அடியே, அடுப்படியில நிக்காதே! கோதுமைக்கு ஓடு!"

நாற்பது ஏக்கரையும் வரிசை வரிசையாக நடந்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அவள் அழுதுகொண்டே நடந்தாள் என்று ஹாலிஸ் சொல்வார். அத்தனை தண்ணீரில் அது எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. நாலாம் நாள் மெத்தை லாரியிலிருந்து கட்டிலுக்குத் திரும்பியது. அப்புறம் அவள் மற்றவர்கள் நிலத்திலும் முறை வைத்து நடந்தாள்.

இப்போதும் நகரத்துக்காரர்கள் பத்திரிகைத் துண்டோடு வந்து, வயலில் மூட்டைத் துணியோடு நனைந்து நிற்பவளிடம், இந்தச் சோகமான அம்மாள் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள்.

"அவங்களா? கலிபோர்னியா போயிட்டாங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு லுயெல்லா அடுத்த வேலிக்கு நடப்பாள். போன முறை அவர்கள் வந்தது வியாழக்கிழமை, பாஸ்டரின் பீன்ஸ் தோட்டத்துக்கு மழை முறை.