வெங்காயத் தோலின் வட்டம்

மனிதகுலத்தின் கடைசிக் கிருமி இந்த ஆய்வக வளாகத்தில்தான் மடியும் என்று இயக்குநர் மேடையேறி முழங்கிய ஐந்தாம் மாதம் அது ஏறக்குறைய நடந்தேவிட்டது. அதனால் ஆய்வு நின்றுபோனது.

ஆய்வு அங்கே நான்கு ஆண்டுகளாகத் தற்காலிக ஆய்வாளராக இருந்தவளுடையது. கிருமிகொல்லும் சாறு தேடி, காய்கறி நறுக்கி உறையிலிடும் தொழிற்சாலையின் கழிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே தோல் உரிக்கும் பிரிவில் வேலை பார்த்த நாத்தனார்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்து தருவாள். “எங்க அண்ணன்கிட்ட குப்பை கொட்டுறது பத்தலைன்னு இங்கயுமா அண்ணி?” என்பாள். பீட்ரூட் தோல் கைவிரித்தது, காலிஃபிளவர் தண்டு காலை வாரியது. முப்பத்தேழாவது சாறு வெங்காயத் தோலில் இறக்கியது. கிருமி படர்ந்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விழுந்ததும் சுற்றிலும் கிருமியற்ற தெளிந்த வட்டம் விழுந்தது. அவள் அளவுகோலை எடுப்பதற்குள் வட்டம் தட்டின் விளிம்பைத் தாண்டியது; மதியம் மேசையை, சாயங்காலம் சுவரைக் கடந்து, வாரக் கடைசியில் மூன்று தெரு அகலத்தில் நின்றது. அதற்குள் பால் திரியவில்லை, தயிர் உறையவில்லை, குப்பைத்தொட்டி நாறவில்லை. சுகாதாரத் துறை அதைத் தன் சாதனை என்று பலகை வைத்தது. சனங்கள் தயிரை நான்காம் தெருவில் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் எந்த முடிவையும் மூன்று தடவை செய்து காட்டினால்தான் கட்டுரை அச்சேறும். அச்சேறினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். சோதிக்கக் கிருமி வேண்டுமே! வெளியிலிருந்து வரவழைத்தவை வட்டத்தின் எல்லையிலேயே செத்தன. சாற்றை வெளியே எடுத்துப்போனால் வட்டமும் கூடவே கிளம்பியது.

“விட்டுடும்மா, அதான் ஜெயிச்சாச்சில்ல. பேட்டி குடுப்போம்” என்றார் இயக்குநர்.

விடுவாளா அவள்? பஞ்சுக்குச்சிகளோடு இறங்கி, சாக்கடை, கதவுப்பிடி, தொலைபேசி, செருப்படி என்று நானூற்றுப் பதினொரு இடங்களைத் துடைத்துப் பார்த்தாள். அத்தனையும் சுத்தம். நானூற்றுப் பன்னிரண்டாவது தட்டில் கிருமி செழித்துப் படர்ந்தது. அதன்மேல் விழுந்த சாறு மரியாதையாகப் பதினாறு மில்லிமீட்டரோடு நின்றுகொண்டது. மூன்று தடவையும் அதே பதினாறு.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன் இயக்குநர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“எங்க எடுத்ததுன்னு எழுதியே ஆகணுமாம்மா?”

“விதி சார். இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“ஆய்வகத்துலன்னு மொட்டையா போட்டா?”

“மத்தவங்க செஞ்சு பாக்கணும்னா எந்தக் கால்னு தெரியணுமே சார்.”

கட்டுரை வந்தது, வேலை நிரந்தரமானது. வட்டம் அப்படியேதான் இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், கிருமி எடுத்த இடம் என்பதற்கு நேராக, ‘இயக்குநரின் இடது காலுறை’ என்று அச்சாகியிருக்கிறது.