வாப்பா சமப்படுத்திய இடம்

விடியலில் இறந்த வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றிக் கட்டுவதற்கான வெள்ளைத் துணிகளோடு பின்வாசலால் இறங்கப்போன, அவருடைய தம்பி ஷிராஸ் சாச்சாவை, பாயிஸா கதவு நிலையில் கைவைத்து மறித்தாள்.

“அங்க வாணாம் சாச்சா.”

“வேற எங்க மகள் எடமீக்கி? பின்னால மட்டுந்தானே மட்டமா ஈக்கி.”

அது உண்மைதான். கட்டுகஸ்தோட்டையில் அந்தச் சரிவில் இருந்த வீடுகளுக்கு முற்றம் என்று ஒன்று கிடையாது. பாயிஸாவின் வாப்பா மக்கீன், புடவைக் கடை வேலையை விட்ட பிறகு, வீட்டின் பின்னாலிருந்த மேட்டை வெட்டி, உம்மா சமைக்க ஒரு குசினிக்கு இடம் எடுத்திருந்தார். பழைய குசினிக்குப் படி இறங்கிப் போகவேண்டும். உம்மாவின் முழங்காலுக்கு அது முடியவில்லை. புல்லையும் வேரையும் கிளறி எடுத்து, இளகிய மண்ணை அள்ளிக் கொட்டி, கல் பரப்பி, மரக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கியிருந்தார். வெட்டிய மேட்டுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுத்ததும் கொங்கிரீட் போடவேண்டியதுதான் பாக்கி. பலகைகள் இன்று வருவதாக இருந்தது. இன்று சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார்.

“பலகை கட்டாம அந்த மேட்டுக்குக் கீழ ஒத்தரும் நிக்கப்படாதுண்டு வாப்பா நேத்தும் சென்னாரு.”

“கொஞ்ச நேரத்து வேலை மகள். நானா மௌத்தாகி ஈக்கிறாரு, நீங்க மண்ணப் பத்திக் கதைக்கிறீங்க.”

“ராவு மழை பெஞ்சீக்கி. குளிப்பாட்டுற தண்ணியும் அங்கதான் ஊறும்.”

“அப்ப ரோட்டோரத்திலயா என்ட நானாவக் குளிப்பாட்டச் செல்றீங்க? பஸ்ஸில போறவனெல்லாம் பாக்கவா?”

கடைசிச் சொல்லில் அவருடைய குரல் உடைந்தது. வாப்பாவின் கண்களை மூடிவிட்டவர் அவர்தான். கூடத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இந்த நேரத்தில கட்டடக் கதையா?” என்று யாரோ மெதுவாகச் சொன்னது பாயிஸாவுக்குக் கேட்டது. ஆனாலும் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. அழுது தேய்ந்த குரல்.

“தம்பி, என்னையே அவர் அந்தப் பக்கம் வர உடல்ல. என்ட குசினிய நானே இன்னும் பாக்கல்ல.”

சாச்சா துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். பிறகு முன்வாசலுக்குத் திரும்பினார்.

முன் விறாந்தையைச் சுற்றி இரட்டைத் துணி கட்டினார்கள். அது போதாமல் படுக்கை விரிப்புகளையும் யன்னல் திரைகளையும் கழற்றிக் கட்டினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் போனது. தெருவில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம், திரையின் விளிம்பைச் சாச்சாவின் கை இழுத்து இன்னும் இறுக்குவதைப் பாயிஸா உள்ளேயிருந்து பார்த்தாள். பக்கத்தில் போய் நின்று ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். அது வளைவில் மறைந்ததும் மழை பிடித்தது. பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் லொறியிலிருந்து மணல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது.

பாயிஸா பின்கதவைத் திறந்தாள்.

மேட்டில் பாதி கீழே கிடந்தது. வாப்பா பரப்பிய கல்லில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சிவப்பு மண். குளிப்பாட்டும் கட்டிலை இங்கே போட்டு, அந்தத் தண்ணீரும் ஊறிக் காலையிலேயே சரிந்திருந்தால், கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று எண்ணப்போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அத்தனை நாள் இடித்து இறுக்கியது மண்ணுக்கடியில் போய்விட்டதே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“என்ன மகள் சத்தம்?” என்றாள் உம்மா.

“மண் கொஞ்சம் சரிஞ்சீக்கி உம்மா. அங்க ஒத்தரும் இல்ல.”

உம்மா கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

மையவாடியில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய சாச்சா, நனைந்த தொப்பியைக் கூடக் கழற்றாமல் பின்வாசலுக்கு வந்தார். மீதி மேடும் வெடித்திருந்தது. விளிம்பிலிருந்து கட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் போய் எங்கிருந்தோ ஒரு கயிற்றைத் தேடி எடுத்துவந்து, அதன் ஒரு நுனியை அவளிடம் நீட்டினார்.

“புள்ளையள் தெரியாம எறங்கிடும். அந்தப் பக்கத்தப் புடிங்க மகள்.”

அவள் கதவு நிலையோடு சேர்த்துப் பிடித்தாள். அவர் மறுநுனியை எதிர்ப்பக்க ஆணியில் கட்டினார். விரலிடுக்குகளில் கபுறு மண் ஈரமாக ஒட்டியிருந்தது. முடிச்சு வழுக்கியது. அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். அவர் கட்டி முடிக்கும்வரை அவள் கயிற்றைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.