நீலமேகம் நலமாக இருக்கிறார்

ராக்கெட் விடும் நாளில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது பழவேற்காட்டுக் குப்பங்களில் கைக்குழந்தைக்கும் தெரியும். முன்பெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள், கேட்கிறவன் கேட்பான். பிறகு அதற்கும் ஒரு வளையம் வந்தது.

வளையத்துக்கு அலைத்துணை என்று பெயர். கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. கையில் கட்டிவிட்டால் போதும், கட்டியவன் நடக்கிறானா, நிற்கிறானா, படகில் இருக்கிறானா, பாயில் கிடக்கிறானா, மனசு சரியில்லாமல் இருக்கிறானா என்பதெல்லாம் அவனுக்கே தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்ததை ஏரிக்கரையில் ஏசி போட்டுக் கட்டியிருந்த மையத்துக்குச் சொல்லும். படகு எஞ்சின்களிலும் கம்பெனிக்காரர்கள் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். தடை நாளில் கயிற்றை எத்தனை இழுப்பு இழுத்தாலும் எஞ்சின் கனைக்காது.

தொடக்க விழாவில் மையத்தின் தலைவர் ஜெகதீஸ்வரன் பேசினார். "இது வெறும் கருவி இல்லை. உங்கள் சூழலைப் புரிந்துகொள்ளும் உறவு" என்றார்.

"உறவுன்னா சீரு இன்னா செய்யும்?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அது நீலமேகத்தின் பெண்சாதி பச்சையம்மாவின் குரல். ஒலிபெருக்கி போட்ட இரைச்சலில் மேடைக்கு எட்டவில்லை.

உறவு வந்த ஒரு மாதத்தில் ஆண்களின் மணிக்கட்டெல்லாம் புண்ணாகிவிட்டது. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் நின்று தின்றது. கழற்றி வைத்தால் மையத்திலிருந்து போன் வரும். முதலில் தந்திரம் செய்தவன் குப்பன். தன் வளையத்தை ஆட்டின் காலில் கட்டி மேய விட்டான். அந்த நடையைப் பார்த்து, குப்பன் தினமும் காலையிலிருந்தே குடித்திருப்பதாக வளையம் புரிந்துகொண்டது. வாராவாரம் மையத்துக்கு வந்து குடிமறப்பு ஆலோசனை பெறும்படி நேரமும் குறித்துக் கொடுத்தது. குடிக்காத குப்பன் மரியாதையாகப் போய் வந்துகொண்டிருந்தான். போகாவிட்டால் அவன் எஞ்சின் எழுந்திருக்காது.

ஆடு சரிப்படவில்லை என்றதும் பெண்சாதிகள் கட்டிக்கொண்டார்கள். நீலமேகத்தின் வளையம் பச்சையம்மாவின் கைக்கு வந்தது இப்படித்தான். குழாயடியில் குடம் தூக்கினால், "நீலமேகம், சிறப்பான உடற்பயிற்சி" என்று செந்தமிழில் பாராட்டும். அவள் புருஷனைப் பிடித்துத் திட்டும்போது, "நீலமேகம், மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்" என்று கெஞ்சும். பாயில் மல்லாந்து கிடக்கும் நீலமேகத்துக்குச் சிரிப்புத் தாங்காது.

"என் பேரச் சொல்லி உன்ன அடக்குது பாரு. எங்க நைனாவாலகூட முடியல."

"வாய மூடிக்கினு இரு. எனுக்கு நாடி ஏறுதாம்."

நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்குப் படுத்து, ஒரு நாளும் குடிக்காமல், ஒரு நாளும் எல்லை தாண்டாமல் வாழ்ந்த நீலமேகத்துக்குப் பொங்கல் சமயத்தில் கேடயம் கிடைத்தது. மேடையேறி வாங்கியவன் உண்மையான நீலமேகம். கைதட்டியபோது பச்சையம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து, "உற்சாகமாக இருக்கிறீர்கள், நீலமேகம்" என்றது வளையம்.

மாசி மாதத்தில் ராக்கெட் நாளும் நீலமேகத்தின் பாடும் ஒரே நாளில் விழுந்தன. பாடு என்பது ஊர் வைத்திருக்கும் முறை. முகத்துவாரத்துக்கு உள்ளே இறால் சேரும் இடம் கொஞ்சம்தான். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று அங்கே கம்பம் நட்டு வலை கட்டுவார்கள். முறையைத் தவறவிட்டவன் மறுபடி தன் முறை வரும்வரை கரையில் உட்கார்ந்து அடுத்தவன் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விடிந்ததும் நீலமேகம் சின்னத் தோணியை இறக்கினான். அதற்கு எஞ்சின் கிடையாது, பாயும் தள்ளுகோலும்தான்.

"ஒண்டியா போவாத. குப்பன இட்டுக்கினு போ."

"அவனுக்கு இன்னிக்குக் குடி மறக்கிற கிளாஸாமே." நீலமேகம் கோலை எடுத்துக்கொண்டான். "வலையக் கட்டிட்டு ராக்கெட் ஏறதுக்குள்ள வந்துடறேன். நீ வூட்லயே இரு, நான் வூட்லயே இருந்த மாதிரி."

ராக்கெட் ஏறியது. ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. புகை கலைந்து வெகுநேரமாகியும் அவன் வரவில்லை. வாடைக்காற்று வலுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மையத்திலிருந்து திரும்பிய குப்பன் காதில் போனோடு ஓடி வந்தான்.

"அண்ணி, பசியாவரத்துக் கரையில அண்ணன் தோணி கவுந்து ஒதுங்கிக் கெடக்குதாம். தோணி மட்டும்தானாம்."

பச்சையம்மா ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம். முகத்துவாரம் இழுத்துக்கொண்டிருக்கும்.

"கம்பத்தப் புட்ச்சிக்கினு இருப்பாரு. கம்பம் இருக்குது இல்ல?" என்றான் குப்பன். அவளுக்குச் சொன்னானா தனக்குச் சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. "போலீசுக்கு அடிச்சேன். உங்க ஊர்லதான் சென்டரு இருக்குதே, அங்க சொல்லுன்னுட்டான். எல்லா எஞ்சினும் தூங்குது. நாங்க கோல் போட்டுப் போறோம், எதிர்க்காத்து, எப்போ போய்ச் சேருவமோ. நீ சென்டருக்கு ஓடி, அங்க கட்டிக் கெடக்கிற ஸ்பீடு போட்ட அனுப்பச் சொல்லு."

அவள் ஓடினாள். "நீலமேகம், ஓட்டப்பயிற்சி தொடங்கியுள்ளீர்கள்" என்றது வளையம்.

மையத்தில் வெளியூர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ராக்கெட் பார்த்த கையோடு இதையும் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். கழுத்தில் மாலை, கையில் இளநீர். சுவர் முழுக்க ஒரு திரை, அதில் ஏரி, ஏரியைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள். ஜெகதீஸ்வரன் குச்சியால் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மீனவர்கூடத் தண்ணீரில் இல்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"சார், என் வூட்டுக்காரரு ஏரியில மாட்டிக்கினாரு. தோணி கவுந்துபோச்சு. போட்ட அனுப்பு சார்."

"பேர் என்னம்மா?"

"நீலமேகம்."

ஜெகதீஸ்வரனின் முகம் மலர்ந்தது. "நம்ம கேடயம் வாங்கின நீலமேகம்!" என்று விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்தார். திரையில் பெயரைத் தட்டினார். ஒரு பச்சைப் புள்ளி பெரிதானது. "பயப்படாதேம்மா. அவர் நலமாக இருக்கிறார். இங்கேதான், இந்தக் கட்டடத்துக்குள்ளேயேதான் இருக்கிறார். கொஞ்சம் படபடப்பாக இருக்கிறார் போல. வெளியே வராந்தாவில் பார்."

"அது நான் சார்!" பச்சையம்மா கையை நீட்டினாள். "நான் கட்டிக்கினு கீறேன். மழைக்காலத்துலேந்து நான்தான் கட்டிக்கினு கீறேன். எல்லார் வூட்லயும் பொம்பளைங்கதான் கட்டிக்கினு கீறாங்க. கேடயம் வாங்கினது நான் சார். உள்ள போடறதுன்னா என்னப் போடு. ஸ்பீடு போட்ட மட்டும் அனுப்பு."

விருந்தாளிகளில் ஒருவர் இளநீர் உறிஞ்சுவதை நிறுத்தினார். ஜெகதீஸ்வரன் அவர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், அதிர்ச்சியில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவது இயல்பு என்று விளக்கினார். பிறகு அவளிடம் பரிவோடு சொன்னார்.

"அம்மா, ஒவ்வொருவர் நடைக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. இது அதைப் படித்து வைத்திருக்கிறது. இத்தனை மாதம் நீலமேகத்தின் நடையைப் படித்திருக்கிறது. இது அவர் நடைதான். வேறு ஒருவர் கட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்."

"வேற ஒருத்தர் கட்டவே இல்லியே சார், மொதல்லேந்து நான்தானே!"

"அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்றார் ஜெகதீஸ்வரன், எதைச் சொல்கிறோம் என்று பார்க்காமலே. திரைப் பக்கம் திரும்பினார். "இந்த இடத்தில் மனிதத் தவறுக்கே வழியில்லை. யாரோ வந்து கத்தினார் என்பதற்காக மீட்புப்படகு கிளம்பாது. எஞ்சினே உயிர் பெறாது. கையில் கட்டியவர் உண்மையில் மூழ்கினால், அந்த நொடியே, யாரும் சொல்லாமலே கிளம்பும்."

பச்சையம்மா அவர் சொன்னதைக் கேட்டாள். இத்தனை மாதத்தில் அந்த மேடைப் பேச்சிலிருந்து அவளுக்கு உபயோகமான ஒரு வாக்கியம் கிடைத்தது அப்போதுதான்.

மையத்தின் பின்னால் படித்துறை. அங்கே ஆரஞ்சு நிற மீட்புப்படகு கட்டிக் கிடந்தது. அதன் ஓட்டுநர் தானியேல், பக்கத்துக் குப்பத்துக்காரன், எஞ்சின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சேதி அவனுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"எழுந்துக்க மாட்டேங்குதுக்கா. அமுக்கி அமுக்கி வெரலு வலிக்குது."

"இப்ப எழுந்துக்கும். எழுந்துச்சுன்னா அணைக்காத" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குள் நடந்தாள்.

கழுத்துவரை போய் முங்கினாள். எழுந்தாள். "இனிய குளியல், நீலமேகம்" என்றது வளையம். மறுபடி முங்கினாள், கையைக் காலை உதைத்தாள். "நீச்சல் இதயத்துக்கு நல்லது." ஏரிக்கரையில் பிறந்தவளின் உடம்பு அவளைக் கேட்காமலே மிதந்தது. பொய்யாக மூழ்கினால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. கம்பத்தைப் பிடித்திருக்கும் கை எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அவள், தரையில் கிடந்த படகுக் கயிற்றில் காலைச் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் வாயைத் திறந்தாள்.

மேலே சங்கு ஊதியது. மையத்துக்குள் திரையில் பச்சைப் புள்ளி சிவப்பானது. விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள். "பார்த்தீர்களா!" என்று ஜெகதீஸ்வரன் கூவியது படித்துறைவரை கேட்டது.

எஞ்சின் உயிர் பெற்றது. தானியேல் குதித்து, கயிற்றை அறுத்து, முடியைப் பிடித்து அவளை மேலே இழுத்துப் போட்டான். அவள் உப்புத்தண்ணீராகக் கக்கினாள். பேச்சு வரவில்லை. முகத்துவாரத்தின் பக்கம் கையை மட்டும் காட்டினாள்.

படகின் வாக்கிடாக்கியில் கைதட்டல் சத்தம். "வாழ்த்துகள் தானியேல். நீலமேகம் மீட்கப்பட்டார். திரும்பி வாருங்கள், விருந்தினர்கள் படம் எடுக்க விரும்புகிறார்கள்."

தானியேல் வாக்கிடாக்கியைத் தண்ணீரில் போட்டான். எஞ்சினை அணைக்காமல் வளைத்துத் திருப்பினான்.

வழியில் குப்பனின் தோணியைத் தாண்டினார்கள். எதிர்க்காற்றில் அது பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை. பாடு கட்டும் இடத்தில் கம்பங்கள் நின்றன, பாதி கட்டிய வலையோடு. கடைசிக் கம்பத்தில் நீலமேகம் இருந்தான். கை ஓயும் என்று தெரிந்து வலைக்கயிற்றால் தன்னைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டிருந்தான். கட்டு நல்ல கட்டு, அவிழவில்லை. தலைதான் தண்ணீருக்குள் கவிழ்ந்திருந்தது.

தானியேல் கயிற்றை அறுத்தான். இரண்டு பேருமாக அவனைப் படகுக்குள் இழுத்தார்கள். பச்சையம்மா அவன் நெஞ்சை அமுக்கினாள், முகத்தில் அறைந்தாள், திட்டினாள். இவ்வளவு திட்டியும் அவன் சிரிக்கவில்லை. "நீலமேகம், மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்" என்றது வளையம். "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

"அந்த எழவக் கயிட்டிப் போடுக்கா" என்றான் தானியேல்.

அவள் கழற்றினாள். ஆனால் எறியவில்லை. ஊறி வெளுத்துப்போன நீலமேகத்தின் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக் கட்டினாள். அது அவனுடையதுதானே. வளையம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"நீலமேகம், வளையம் சரியாகப் பொருந்தவில்லை. சற்று இறுக்கிக் கட்டுங்கள்."

பச்சையம்மா இறுக்கினாள்.

"இன்னும் சற்று இறுக்கிக் கட்டுங்கள்."

அவள் இன்னும் இறுக்கினாள்.