பழைய மிஷினும் பன்னிரண்டு துளையும்

அந்தப் பழைய டிரில்லிங் மிஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆலங்காயத்தில் முக்தார் அகமது பாயின் இரும்புப் பட்டறையில் பதினோரு வருஷமாக அதில் துளை போட்டவன் நான், ராஜாக்கண்ணு. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டபோது பாய் எடுத்து வந்த மிஷின் அது. என் சட்டைப்பையிலோ புது மிஷினின் படம் ஒன்று நாலாக மடித்து இருந்தது. ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலிலிருந்து கிழித்தது. பெண் பார்த்துவிட்டு வந்தவன் போட்டோவை எடுத்துப் பார்ப்பதுபோல் தினமும் ஒருமுறை அதை எடுத்துப் பார்ப்பேன்.

சாதாரண வேலைக்குப் பழையதே போதும்தான். வண்டிச் சக்கரத்துப் பட்டை, ஏர்க் கொழு, வாணியம்பாடி தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு இரும்புத் தகடு, இதிலெல்லாம் துளை கொஞ்சம் அகலமாகப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அறுபத்தெட்டாம் வருஷம் வந்த வேலை வேறு மாதிரி.

மேலே மலையில், காவலூரில், வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தேவராஜ் என்ற இளம் அதிகாரி ஜீப்பில் இறங்கி வந்து, கனமான இரும்பு வளையம் ஒன்றை எங்கள் மேஜைமேல் வைத்தார். தொலைநோக்கியைத் தாங்கும் தூணில் அது உட்காரப்போகிறது, அதில் பன்னிரண்டு துளை வேண்டும். தலைமுடி கனத்துக்கு விலகினாலும் உதவாது. பத்து நாளில் முடியாவிட்டால் மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். பாய் வளையத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே முடியும் என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளிவாசல் முதல் டீக்கடை வரை ஊர் முழுக்க அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். அறுபது வயது மனிதர், பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்த பிள்ளை மாதிரி அலைந்தார்.

மறுநாள் வேண்டாத தகடு ஒன்றில் துளை போட்டுப் பார்த்தோம். வட்டமாக வரவில்லை, முட்டை வடிவில் வந்தது. டிரில்லின் நுனி சுற்றும்போது கண்ணுக்குத் தெரியவே ஆடியது.

மிஷின் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கள் என்றேன். பாய் விடவில்லை. வேலூருக்கு பஸ் ஏறிப் போய் பேரிங் வாங்கி வந்தார். மாற்றினோம். பெல்ட்டை மாற்றினோம். அடியில் தகடு செருகி மட்டம் பார்த்தோம். ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது. எட்டாம் நாள் பாய் ஓய்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்து, சரி, புதுசே வாங்கிவிடலாம் என்றார். புதுசு வந்து சேர நாற்பது நாள் ஆகும், அதற்குள் வளையம் மெட்ராஸ் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்த பிறகும் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

பத்தாம் நாள் காலை திருப்பத்தூர் காயலான் கடைக்காரரின் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. சற்று நேரத்தில், வளையத்தைத் திரும்ப எடுத்துப்போகத் தேவராஜின் ஜீப்பும் வந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். தேவராஜ் கோபப்படவில்லை. ஜீப்பிலிருந்து சின்னக் கடிகாரம் போல் ஊசி வைத்த ஓர் அளவுக் கருவியை எடுத்து வந்து மிஷினோடு பொருத்தி, கையால் மெதுவாகச் சுற்றினார். ஊசி இருபது கோடு போய் இருபது கோடு திரும்பியது. பிறகு, டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற பிடியைக் காட்டினார்.

"இதைக் கடைசியா எப்பக் கழட்டினீங்க?"

"ஆயுத பூஜைக்குங்க. வருஷத்துக்கு ஒருவாட்டிதான் கழட்டறது" என்றேன்.

கழற்றச் சொன்னார். பக்கத்துத் துவாரத்தில் ஆப்பு வைத்து நாலு அடி அடித்த பிறகே அது விழுந்தது. சக் போய் உட்காரும் அந்தக் குழிக்குள் தேவராஜ் விரலை விட்டார். சுரண்டினார். கறுப்பாக ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சந்தன வாசனை அடித்தது.

எல்லாரும் ஆயுத பூஜையன்று மிஷினுக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். நான் மட்டும் அதிபுத்திசாலி. வேலை செய்வது வாய்தானே, வாய்க்கல்லவா ஊட்ட வேண்டும் என்று, சக்கைக் கழற்றி, சந்தனத்தில் வெல்லத்தைக் குழைத்து, அந்தக் குழிக்குள் கட்டைவிரலால் தடவுவேன். ஆப்புத் துவாரம் என் பக்கம் பார்த்திருக்கும்படி நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில். அதன்மேல் சக்கை அடித்து இறுக்கிவிடுவேன். பதினோரு பூஜை. வெல்லம் ஒரே பக்கமாகக் கல்லாக இறுகி, சக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தது. மிஷினைக் கெடுத்தது என் பக்திதான்.

பூஜை நாளில் பாய் உள்ளே வரமாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கற்பூரம் அணையும்வரை வாசலிலேயே நிற்பார். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும்.

"பாய், நான் உள்ள தடவறத நீங்க பாத்தீங்களா?"

"வருஷா வருஷம் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ உன் சாமிக்கு ஊட்டற. அதுல நான் இன்னா சொல்றது?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, வெந்நீர் வைக்கச் சொன்னார்.

வெந்நீரில் துணியை நனைத்து நானே துடைத்தேன். பழுப்பாகக் கரைந்து கரைந்து வந்தது. மண்ணெண்ணெய் விட்டு மறுபடி துடைத்தேன். சக்கை ஏற்றி, ஊசியைப் பொருத்தி, தேவராஜ் சுற்றினார். ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. நான் நம்பாமல் நானே சுற்றினேன். அரைக் கோடுகூட நகரவில்லை. இத்தனை வருஷமும் இந்த மிஷின் தொண்டையில் அடைத்துக்கொண்டேவா எனக்கு வேலை செய்தது என்று நினைத்தபோது அதன் காலில் விழலாம் போலிருந்தது. பாய் வாசலுக்குப் போய் மாட்டுவண்டிக்காரரை வெறும் வண்டியோடு அனுப்பிவிட்டு வந்தார்.

அன்றே வளையத்தை ஏற்றினோம். மாலைக்குள் பன்னிரண்டு துளையும் முடிந்தது. தேவராஜ் கொண்டுவந்திருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் தட்டாமல், தள்ளாமல், தன் பாரத்திலேயே இறங்கின. புது மிஷினின் படத்தை உடனே கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் பொய். பையில்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து தேவராஜ் எங்கள் இருவருக்கும் ஆள் அனுப்பினார். மலை ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். இந்த வெயிலில் என்ன நட்சத்திரம் என்று நான் முணுமுணுத்தேன். கூடத்துக்குள் கூரை பிளந்து, ஒரு கீற்று வானம் தெரிந்தது. பெரிய குழாய் ஒன்று அதைப் பார்த்து நின்றது. அடியில் எங்கள் வளையம், பன்னிரண்டு போல்ட்டோடு. எதையும் தொடாமல் பார்க்கும்படி தேவராஜ் சொன்னார். குனிந்து கண்ணை வைத்தேன்.

நீலம். நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி அரைநிலா.

"நிலாவாங்க?"

"இல்ல, வெள்ளி. விடிகாலைல பாப்பீங்களே, அதேதான். பகல்லயும் மேலதான் இருக்கு."

நாற்பது வருஷமாகப் பட்டப்பகலில் என் தலைக்குமேல் இது இருந்திருக்கிறது. கீழே நான் துளை போட்டுக்கொண்டும், டீ குடித்துக்கொண்டும், பாயைத் திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன். பூமி சுற்றச் சுற்ற இந்தக் குழாயும் வானத்தோடு மெல்ல நகரும், வளையம் ஆடினால் வெள்ளி ஆடிவிடும் என்றார் தேவராஜ். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

"ராஜாக்கண்ணு, ஆடுதா?" என்று பின்னாலிருந்து பாய் கேட்டார்.

"இல்லீங்க பாய். அப்டியே நிக்குது."

நான் விலகி வழிவிட்டேன். பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வந்து குனிந்தார்.