தொண்டைக்குள் வெயில்

சண்முகவடிவுக்குக் குரல் போனது மேடையில், ஞாயிற்றுக்கிழமைப் பகலாட்டத்தில். 1946 மாசி. தூத்துக்குடியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனிக்கு அவள்தான் ராஜபார்ட். தலையில் கிரீடம், இடுப்பில் வாள். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் விருத்தத்தை எடுத்தாள். மேலே போன குரல் இரண்டாகக் கிழிந்து, வெறும் காற்றாக வந்தது. ஆர்மோனியத்தில் இருந்த அவள் புருஷன் வன்னியபெருமாள், மிச்ச அடியை வாசித்தே ஒப்பேற்றினான்.

இரண்டு மாதமாகவே தொண்டைக் கம்மல்தான். மிளகு, பனங்கற்கண்டு, ஆடாதொடைக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. கம்பெனி முதலாளி நயினார், "கற்கண்ட வாயில அடக்கிக்கிட்டு ஆடு" என்று சொல்லியே ஓட்டிவிட்டார். இனி அது நடக்காது.

மறுநாள் காலை இருவரும் டாக்டர் ஜெயசிங்கிடம் போனார்கள். சங்கு குளிக்கிறவர்களின் காதைப் பார்ப்பதற்காகவே மதராஸுக்குப் போய்க் காது, தொண்டை வைத்தியம் படித்து வந்தவர். கரண்டு விளக்கை அவர் நம்புவதில்லை. கிழக்கு ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, சின்னக் கண்ணாடி ஒன்றைச் சூடுகாட்டி அவள் தொண்டைக்குள் விட்டார்.

"ஈ-ன்னு சொல்லுங்கம்மா."

மூன்று தடவை பார்த்தார். "குரல் நாணோட ஓரத்துல அரிசி அளவுக்கு ஒரு சதை தொங்குது. மருந்துக்குக் கரையாது. எடுக்கணும்."

"எடுத்தா பாடலாமா?" என்றான் வன்னியபெருமாள்.

"சரியா எடுத்தா பாடலாம். கை கொஞ்சம் விலகுனாலும் நாண் கிழிஞ்சிரும். பேச்சு இருக்கும், பாட்டு இருக்காது."

"நீங்க எத்தன பேருக்கு எடுத்திருக்கிய?" வடிவு கரகரத்தாள்.

டாக்டர் ஒளிக்கவில்லை. "நாலு பேருக்கு. அதுல பாடுறவங்க யாருமில்ல."

வன்னியபெருமாள் எழுந்துவிட்டான். "வா, போவோம். இருக்குற குரலையும் தொலைக்கணுமா?"

"இருக்குறது எங்கன இருக்கு?" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரத்துப்போக வைக்கும் மருந்தைத் தொண்டையில் தடவினார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் தொண்டை யாருடையதோ போல ஆயிற்று. எச்சில் விழுங்குவதுகூடத் தெரியவில்லை. நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டியது அவள் வேலை. டாக்டரின் இடது கையில் கண்ணாடி, வலது கையில் வளைந்த நீளக் கிடுக்கி.

"இருமக் கூடாது. அசையக் கூடாது. முடியலன்னா இடது கையத் தூக்குங்க."

கிடுக்கி உள்ளே போனதும் குமட்டியது. கையைத் தூக்கினாள். டாக்டர் வெளியே எடுத்தார். மறுபடி போனபோது அவள் அசையவில்லை. நுனி சதையை நெருங்கும் நேரம், அறை இருண்டது. கடல் பக்கமிருந்து மேகம்.

கிடுக்கியை உருவிக்கொண்டு டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "மருந்து இன்னும் பத்து நிமிஷம்தான் நிக்கும். மறுபடி தடவுனா நெஞ்சு தாங்காது."

அவள் நாக்கை விடவில்லை. விரல் விறைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. வெளியே தாழ்வாரத்தில் வன்னியபெருமாள் நடக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. ஆறு நிமிஷம் போயிற்று. ஏழு. தொண்டையின் அடியில் லேசாக ஊறல் எடுத்தது. உணர்வு திரும்புகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்ல வழியில்லை.

சட்டென்று முகத்தில் வெயில் விழுந்தது.

"ஈ" என்றார் டாக்டர். அவள் சொன்னாள். "மூச்சு நிறுத்துங்க."

உள்ளே ஏதோ கவ்வியது. வெடுக்கென்று ஒரு இழுப்பு. வாயெல்லாம் ரத்தச் சுவை. பீங்கான் தட்டில் வெளுத்த சதைத் துணுக்கு கிடந்தது.

"பதினாலு நாள் ஒரு சொல் பேசக் கூடாது. ரகசியம் பேசுறமாதிரி காத்து விடுறது அதைவிடக் கெடுதல்" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் நயினார் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். "வடிவு, மதுரையிலிருந்து ஒரு பிள்ளைய வரச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை நீ ஆடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவள நிப்பாட்டுதேன். உன் வாயால கேக்கணும்."

"அண்ணாச்சி, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்றான் வன்னியபெருமாள்.

"ஏலே, நான் அவளக் கேக்கேன்."

பதினாறு வருஷமாக அந்தக் கம்பெனிக்குப் பாடியவள். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்தாள். சிலேட்டை எடுத்து, 'முடியாது' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் போனபிறகுதான் அழுதாள், அதுவும் சத்தமில்லாமல்.

பதினைந்தாம் நாள் டாக்டர் உள்ளே பார்த்தார். "ஆறிருச்சு. பேசுங்க."

அவள் புருஷன் பேரைச் சொன்னாள். ஊரறியப் புருஷன் பேரைச் சொல்லாதவள். முதலில் வந்தது அதுதான். குரல் மெலிவு, ஆனால் கிழியவில்லை.

"இனி அஞ்சரைக் கட்டை வேண்டாம்" என்றார் டாக்டர். "நாலுக்கு மேல போனா அந்தச் சதை திரும்ப வரும்."

பங்குனி கடைசியில் நயினார் அவளுக்கு ஒரு ஆட்டம் கொடுத்தார். நாலு கட்டையில் எடுத்தாள். பின்வரிசையிலிருந்து, "சத்தம் காணல!" என்று கத்தினார்கள். சீட்டி பறந்தது. வன்னியபெருமாளின் விரல் பழக்கத்தில் மேல் கட்டைக்கு நகர்ந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். விரல் இறங்கியது. நாலிலேயே விருத்தத்தை முழுக்கப் பாடினாள். ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இதற்குள் வந்து ஆடிக்கொண்டிருந்த மதுரைப் பிள்ளையை நயினார் திருப்பி அனுப்பவில்லை. வாரத்தில் நாலு ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு, மூன்று வடிவுக்கு என்று ஆயிற்று. வடிவு அதற்குச் சம்மதித்தாள்.