மாஸ்டரின் மரக்குழல்

"ட்ராக்ல சத்தம் வரல" என்று புருஷன் போன் செய்தபோது, சிட்டு தன் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரிந்து வந்த பிறகு அவன் தானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எந்த ட்ராக்?" என்றாள், தெரிந்துகொண்டே.

"அந்த மரக்குழல்தான். திரையில நோட்டெல்லாம் ஓடுது, மீட்டர் அசையவே மாட்டேங்குது. இன்னிக்கு மதியம் டைரக்டர் வராரு, பாடகியும் வராங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன் சிட்டு. இந்த கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

"வரேன்" என்றாள். குரல் தேன் மாதிரி இருந்தது. அவளுக்கே பயமாக இருந்தது.

கைப்பையின் அடியில், கைக்குட்டையில் சுற்றிய சிறிய ஹார்ட் டிஸ்க் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றே அதைப் பிடுங்கி எடுத்து வந்திருந்தாள். இந்த போன் என்றைக்காவது வரும் என்று அப்போதே தெரியும். அந்த நாளுக்காக அவள் மனசுக்குள் எத்தனை வசனங்களை எழுதி எழுதிக் கிழித்திருப்பாள்!

இருப்பதிலேயே நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அக்கா கதவில் சாய்ந்து பார்த்துவிட்டு, "போறது ரிப்பேருக்கா, கல்யாண வீட்டுக்கா?" என்றாள்.

"எழவு வீட்டுக்கு" என்றாள் சிட்டு, பொட்டைச் சரிசெய்தபடி.

போன வருஷம் அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு போய்விட்டது, காது மட்டும் நன்றாக இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக அவள் ஒரு மெட்டை முனகினாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அப்பா விரலால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார். சரி, பிடித்திருக்கிறது என்று அதை போனில் பதிவு செய்தாள். மெட்டை மட்டுமல்ல, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நீட்டி முனகிப் பதிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அந்த முனகலைத் துண்டு துண்டாக வெட்டி, கீபோர்டின் கட்டைக்கு ஒன்றாகப் பரப்பி வைத்தாள். மேலே கொஞ்சம் எதிரொலி, கொஞ்சம் காற்று. இப்போது எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவள் குரல்தான் ஒலிக்கும். ஆனால் கேட்பவருக்கு ஏதோ ஊதுகுழல் போலத் தோன்றும். அந்த வாத்தியத்துக்கு 'பழசு' என்று என்னவோ ஒரு பெயர் வைத்து, மெட்டை அதில் வாசித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அப்பா போய், காரியங்கள் முடிந்து அவள் திரும்பி வந்தபோது, மெட்டு டைரக்டரிடம் போயிருந்தது. மாஸ்டரின் மெட்டாக. அவள் புருஷன் சினிமாவுக்கு மெட்டுப் போடுகிறவன்; ஊரே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுதானே என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். பிறகுதான் அந்தப் பேட்டி வந்தது. கேமராவைப் பார்த்து ஒரு கையால் தலையைக் கோதியபடி அவன் சொன்னான்: "சிக்னல்ல கார் நின்னுட்டு இருந்துச்சு. அப்ப சட்டுனு தோணின டியூன். அந்த சவுண்ட் வந்து, மலைநாட்டுல ஒரு பெரியவர்கிட்ட கிடைச்ச மரக்குழல். உலகத்துலயே அதுமாதிரி ஒண்ணுதான் இருக்கு."

அன்றைக்கு அவள் கேட்டாள். "யார் பேர்ல வந்தா என்ன, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றான்.

"அப்ப என் பேர்ல வரட்டும்."

"உன் பேர் மார்க்கெட்ல எடுபடாது சிட்டு."

அவன் வாசித்துக்கொண்டிருந்தது தன் மனைவியின் குரலை என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. மரக்குழல் கதை அவன் புளுகியது. ஆனால் அது எந்த வாத்தியம் என்று ஒரு தடவையாவது அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரே படுக்கையில் படுத்தவனுக்கு அந்தக் குரல் பிடிபடவில்லையே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

புருஷன் வீட்டு வாசலில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒரேடியா வந்துட்டியா, இல்ல ரிப்பேருக்கா?"

"ரிப்பேருக்குத்தான் அத்தை."

"அப்ப அவனையும் சேத்துப் பாத்துட்டுப் போ. கேரண்டி முடிஞ்சுபோச்சுன்னு தெரியும். இருந்தாலும் பாரு."

ஒலிப்பதிவு அறை வீட்டின் பின்பக்கம். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, குளிர், பழைய காபி வாடை. டைரக்டர் வருகிறார் என்று மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக நகர்ந்தன. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது.

காரணம் அவளுக்கு போன் வந்தபோதே தெரியும். அந்த முனகல் துண்டுகளெல்லாம் அவள் கைப்பையில் இருந்த டிஸ்க்கில்தான் இருந்தன. பாட்டைத் திறக்கும்போது 'இந்தக் கோப்பைக் காணவில்லை' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்திருக்கும். ஆனால் அவன் எந்த எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் 'மறுபடி காட்டாதே' என்று தட்டிவிடுகிற ஆள். மனைவி சொல்வதையும் அப்படித்தான் தட்டிவிட்டான்.

"கேபிள் பாத்தீங்களா?" என்றாள்.

"மேலாக்க பாத்தேன்."

"அடியில போய்ப் பாக்கணும். எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் பிடுங்கி மாட்டுங்க."

அவன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனான். தூசி அங்கே மெத்தை மாதிரி படிந்திருந்தது. அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டினாள்.

"இப்ப?"

"வரல. இடதுபக்கம் போங்க."

"இப்ப?"

"ம்ஹூம். அந்தச் சின்ன பெட்டியை அணைச்சுப் போடுங்க."

அப்போதுதான் கதவு திறந்து டைரக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒல்லியான இளம் பாடகி. இருவரையும் முதலில் வரவேற்றது மாஸ்டரின் முதுகுப்பக்கம்தான்.

"மாஸ்டர் எதையாவது தொலைச்சுட்டாரா?" என்றார் டைரக்டர்.

"ஆமா சார். தேடிட்டு இருக்காரு" என்றாள் சிட்டு.

அவன் கரப்பான்பூச்சியைப்போல வெளியே வந்தான். சட்டையில் ஒரு நீளக் கறுப்புக் கோடு. "சின்னப் பிரச்சினை சார், அஞ்சு நிமிஷம்" என்றவன், அவள் காதருகே குனிந்து, "ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்காத" என்றான்.

"அது மேஜைக்கு அடியில கிடைக்கலையா?"

பாடகி, தனக்கு அந்தச் சுருதி எட்டாது, இரண்டு கட்டை இறக்க வேண்டும் என்றாள். டைரக்டர், "நீங்க அனுப்பின டெமோ இருக்குல்ல? அதையே இறக்கிப் போடுங்க" என்றார்.

"அது எல்லாம் ஒண்ணாக் கலந்தது சார். இறக்கினா ஜலதோஷம் பிடிச்ச ஆடு மாதிரி கேக்கும்" என்றாள் சிட்டு. "இந்த ட்ராக் உயிரோட வேணும். ஆனா இதுல இருக்கிறது மிடி. மிடின்னா சத்தம் இல்ல சார். எந்த விரல் எந்தக் கட்டையை எப்ப அழுத்துச்சுங்கிற குறிப்பு மட்டும்தான். சத்தம் வேற எங்கயாவது இருக்கணும். அப்பவே ஆடியோவா பதிஞ்சு வச்சிருந்தா இந்தக் கஷ்டம் இல்ல. மாஸ்டருக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் எதையும் முடிவு பண்ணப் பிடிக்காது."

பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வி. இதற்கு மட்டும் அவன் நேராகப் பதில் சொன்னால் டிஸ்க்கைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று, ஆட்டோவில் வரும்போது அவளே தன்னிடம் பேரம் பேசியிருந்தாள்.

"ஒரு விஷயம் தெரிஞ்சா ஈஸியா இருக்கும். இந்த டியூன் முதல்ல எப்ப, எங்க வந்துச்சு?"

மாஸ்டர் டைரக்டரைப் பார்த்தான். பாடகியைப் பார்த்தான். கையைத் தூக்கித் தலையைக் கோதினான்.

"அதான் சொல்லியிருக்கேனே. சிக்னல்ல."

"சரி" என்றாள் சிட்டு.

கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, டிஸ்க்கை மாட்டினாள். பச்சைக் கோடுகள் ஓடின. மீட்டர் துள்ளியது. அறை முழுக்க அந்த மெட்டு எழுந்தது. டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் மூச்சு விட்டான். "பழைய டிஸ்க், இவகிட்ட குடுத்து வச்சிருந்தேன்" என்று சிரித்தான்.

பாடகி மட்டும் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "அக்கா, அந்த நீளச் சுரம் முடியிற இடத்துல ஏதோ கர்ருன்னு ஒரு சத்தம் கேக்குதே" என்றாள்.

கெட்டிக்காரப் பெண். சிட்டு அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய்ப்பு தானாக மடியில் வந்து விழுந்தால் தள்ளிவிடுகிற ஆளில்லை அவள்.

"எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கலாம். மேல போட்டிருக்கிறதை ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கணும், அவ்வளவுதான்."

முதலில் எதிரொலியை அணைத்தாள். மெட்டு கிட்டத்தில் வந்து நின்றது. அடுத்து, ஊதுவதுபோலக் கேட்ட காற்று. மரம் காணாமல் போனது. டைரக்டர் கண்ணைத் திறந்தார். "வேணாம், அதெல்லாம் தொடாத" என்று மாஸ்டர் மவுஸை நோக்கிக் கை நீட்டினான். அவள் அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்துக் கடைசிப் பொத்தானையும் அழுத்தினாள்.

ஒரு பெண் முனகினாள். பூச்சில்லாத, தூக்கமில்லாத குரல். பின்னால் எங்கோ ஒரு சக்கரக்கட்டில் கிறீச்சிட்டுப் போனது.

தட்டில் காபியோடு வந்த மாமியார் கதவிலேயே நின்றாள். அவளுக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

"யாரு, சிட்டுவா பாடுறது?" என்றாள். நீளச் சுரம் முடிந்தது. முடிவில், தொண்டையில் சளி கட்டிய ஒரு கரகரப்பு. "அட, இது சம்பந்தி இருமலாச்சே. பாவம், ஆஸ்பத்திரில இப்படித்தான் இருமிட்டே இருந்தாரு."

மெட்டு மறுபடி தொடங்கி, மறுபடி இருமலில் முடிந்தது.

"மாஸ்டர்" என்றார் டைரக்டர் மெதுவாக. "மரக்குழல்னு சொன்னீங்களே?"

"எந்த மரம்?" என்றாள் மாமியார், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது வெட்கம் அல்ல, திகைப்பு. மனைவியின் குரலை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவன் மாதிரி. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். பார்த்தாள். ஆற அமரப் பார்த்தாள். நெஞ்சுக்குள் இனித்தது. பொய் சொல்வானேன்.

"சிக்னல்ல இன்னும் பச்சை விழலையா?" என்றாள்.

"டியூன்... அவளோடது சார்" என்றான் அவன். சொன்னது தரைக்கு.

"கேக்கல. லெவல் கம்மியா இருக்கு."

"என் பொண்டாட்டியோட டியூன். குரலும் அவளோடது."

டைரக்டர் காபியை எடுத்துக்கொண்டு சிட்டுவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மேடம், பாட்டு இன்னிக்குப் பதிவாகணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"பதிவாகும் சார். என் பேர்ல. ஆடியோவா மாத்தி நானே உங்க கையில குடுத்துடறேன்."

"அந்த இருமலை வெட்டிடவா?" என்று மாஸ்டர் கேட்டான். அன்றைக்கு அவன் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் வேலைக்காகக் கேட்ட கேள்வி.

"வெட்டினா அடுத்து உங்க கை."

"இருக்கட்டும்க்கா" என்றாள் பாடகி. "அந்த இடத்துல நான் மூச்சு எடுத்துக்கறேன். நல்ல அடையாளம்."

சிட்டுவுக்குக் கண் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ள நேரமில்லை. "மைக்கை அவங்க உயரத்துக்கு ஏத்தி வைங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுச் சுருதியை இறக்கினாள். அவன் ஏற்றி வைத்தான். தன் அறையில், சட்டையில் கறுப்புக் கோட்டோடு, சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருந்தான். உட்கார இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அவள் இருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவன் கதவருகே வந்தான். "சிட்டு, அந்த டிஸ்க்கை இங்கயே வச்சுட்டுப் போயேன்."

"பேட்டி குடுத்தீங்கள்ல, அதே ஆளுக்கு இன்னொரு பேட்டி குடுங்க. இன்னிக்குச் சொன்னதை கேமராவைப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

"அப்ப நீ வீட்டுக்கு..."

"பேட்டி முதல்ல."

அவன் தன் அம்மாவிடம் ஏதோ சொல்ல உள்ளே போன நேரத்தில் அவள் கம்ப்யூட்டரில் இரண்டே இரண்டு வேலை செய்தாள். 'பழசு' என்ற பெயரை அழித்து வேறு பெயர் எழுதிச் சேமித்தாள். அவன் என்றைக்கோ 'மறுபடி காட்டாதே' என்று மூடிவைத்த எச்சரிக்கையைத் திறந்துவிட்டு, அதை யாரும் சுலபத்தில் மூட முடியாதபடி செய்தாள். பிறகு டிஸ்க்கைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றினாள்.

வாசலில் மாமியார் உரித்த பட்டாணியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "ரிப்பேர் ஆச்சா?"

"பாதி ஆச்சு அத்தை."

மறுநாள் காலை, வழக்கம்போல மாஸ்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைத் திறந்தான். பச்சைக் கோடுகள் வரும் முன்பே திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எச்சரிக்கையை முழுசாகப் படித்தான்.

'சிட்டுவின் குரலைக் காணவில்லை.'

மூடினான். மறுபடி வந்தது.